வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவர்

பேனரில் எனக்கு உடம்பு இல்லை. தலை மட்டும்தான் இருந்தது. தலைக்குக் கீழே கொஞ்சம் தள்ளி இரண்டு கை, கும்பிட்டபடி. நடுவில் சட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜோடிப் புறாவும் ரோஜாப்பூவும்.

சிரிக்காதே தம்பி. உன் கையில் இருக்கிற போட்டோவைப் பார்த்துத்தான் சொல்கிறேன். யார் அது, உன் அப்பாவா? மாமனாரா. சரி. வெள்ளைச் சட்டை. பின்னால் வெள்ளைச் சுவர். இதைத்தான் பேனரில் போடப் போகிறாயா? உட்கார். கரண்ட் இல்லை, மெஷின் ஓடாது, பேனர் அடிக்கிற லாரன்ஸும் கடையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அவன் வருகிற வரைக்கும் உனக்கு வேறு வேலை கிடையாது. எனக்கும் கிடையாது.

போனை உள்ளே வை. கேட்பதென்றால் கேள்.

நான் டிரைவர். அரசு பஸ். வத்தலக்குண்டு டூ கொடைக்கானல். சர்வீஸ் முழுக்கக் காக்கி. ரிட்டையர் ஆன அன்றைக்குக் காக்கியைக் கழற்றிப் போட்டேன், இனிமேல் வெள்ளைதான் என்றேன். சொன்னால் சொன்னதுதான். மழைக்காலத்திலும் வெள்ளை. என் வீட்டுக்காரி சோப்புப் போட்டே ஓய்ந்துபோனாள்.

எனக்கு ஒரு தங்கை, பவுன்தாய். அவளுக்கு ஒரே பெண், ரஞ்சிதா. எனக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இப்போது பேச்சில்லை. ரஞ்சிதாவுக்கு மொட்டை போட்டது என் மடியில். காது குத்தியது என் மடியில். குத்தும்போது கத்திக்கொண்டே என் சட்டைப் பாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். காக்கித் துணி லேசில் கிழியாது. கிழித்தாள். அவ்வளவு கைப்பிடி.

பவுன்தாயின் புருஷன் வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறுகிறவர். ஏலத்தில்தான் சத்தம். வெளியே வந்தால் வாய் இருக்கிறதா என்று தேட வேண்டும். அவர் பேரைக் கடைசியில் சொல்கிறேன். அந்தச் சமயத்தில் நான் பேரைச் சொல்வதில்லை. அந்த ஆள் என்பேன். இப்போதும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன், அப்போதுதான் எனக்குக் கோபம் சரியாக வரும்.

கோபம் எதற்கென்றால், ரஞ்சிதாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது என்னைக் கேட்கவில்லை. எல்லாம் பார்த்துவிட்டு வந்து, "மச்சான், நல்ல இடம், பெரியகுளம், பையன் பால் பண்ணையில சூப்பர்வைசர்" என்று சொன்னார் அந்த ஆள். நல்ல இடமா இல்லையா என்று நான் அல்லவா சொல்ல வேண்டும்? தாய்மாமன் எதற்கு இருக்கிறேன்? காபி நன்றாக இருக்கிறதா என்று கேட்பது மாதிரி கேட்டார்கள். குடித்து முடித்த பிறகு.

சரி, நிச்சயதார்த்தம் வந்தது. முந்தின வாரம் ரஞ்சிதா போன் பண்ணினாள். பேனருக்குப் போட்டோ வேண்டுமாம்.

"மாமா, கலர் சட்டை போட்டு எடுத்து அனுப்புங்க மாமா."

"கலர் சட்டைக்கு நான் எங்கே போறது?"

"அத்தைகிட்டச் சொல்லி ஒண்ணு வாங்கிப் போடுங்க. வெள்ளை வேண்டாம் மாமா, உங்க வீட்டுச் சுவரும் வெள்ளையாத்தான இருக்கு."

"வெள்ளைதான்," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரி எடுத்தாள். சுவரை ஒட்டி நின்று கும்பிட்டேன். நல்ல போட்டோ. இன்றைக்கும் சொல்வேன், நல்ல போட்டோ.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் பஸ் ஸ்டாண்டு முக்கில் பேனர் கட்டியிருக்கிறது. நான் டீக்கடையில் நிற்கிறேன். என்னுடைய பழைய கண்டக்டர், டீக்கடைக்காரர், வேலை இல்லாத நாலு பேர், எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். பிறகு என்னைப் பார்க்கிறார்கள். பிறகு மறுபடி மேலே.

"அண்ணே," என்கிறான் கண்டக்டர், "பாடி கட்டக் கரூருக்கு அனுப்பியிருக்கா?"

பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற ஊர் அது. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

நேரே இங்கேதான் வந்தேன். இதே கடை. இதே பெஞ்சு. லாரன்ஸ் சட்டையைப் பிடித்தேன். "அண்ணே, விடுங்கண்ணே, நான் டிசைன் பண்ணலை," என்றான். "உங்க தங்கச்சி மாப்பிள்ளை பென்டிரைவ்ல கொண்டு வந்தாரு. அடிச்சுக் குடுத்தேன். இருக்கிறதை அடிக்கிறதுதான மெஷினு?"

அங்கிருந்து மண்டிக்குப் போனேன். ஏலம் நடக்கிறது. பூவன் தாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஆள் கத்திக்கொண்டிருக்கிறார். நான் நடுவில் போய் நின்று அதைவிடக் கத்தினேன். "என் உடம்பு எங்கேய்யா?"

மண்டியே திரும்பிப் பார்த்தது. அந்த ஆள் தாரைக் கீழே வைத்தார். "தப்பு நடந்துபோச்சு மச்சான். கழட்டிடறேன்," என்றார். அவ்வளவுதான். யார் செய்தது, எப்படி ஆனது, ஒரு வார்த்தை கிடையாது. வேண்டுமென்று செய்யாத ஆள் என்றால் நாலு வார்த்தை பேசிச் சமாதானம் சொல்ல மாட்டாரா? நீயே சொல். மாப்பிள்ளை பார்த்ததில் நான் முறைத்தேன், அதற்குப் பதில் மரியாதை. அப்படித்தான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பவுன்தாய் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். "கல்யாணத்துக்குத் தாய்மாமன் பேனர் நான் வைக்கிறேன். எவன் கையிலயும் குடுக்க மாட்டேன், நானே செய்யறேன். அதுல முழு உடம்போட நிப்பேன். நிக்கலைன்னா மண்டபத்துக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

பவுன்தாய் அழுதாள். "அப்ப பிள்ளையை மேடைக்குக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது யாருண்ணே?"

"பேனரைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

ரஞ்சிதா கதவுக்குப் பின்னால் நின்றாள். ஏதோ சொல்ல வந்தாள். அந்த ஆள் அவள் தோளைத் தொட்டு உள்ளே போகச் சொன்னார். அதையும் பார்த்தேன். பெண்ணைக்கூட என்னோடு பேச விடவில்லை பார் என்று நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். நசீமா டீச்சர். முப்பது வயசு இருக்கும், கண்டிப்பில் எங்கள் டிப்போ மேனேஜர் தோற்றுப்போவார். என்ன படிக்கணும் ஐயா என்றாள். எனக்கு உடம்பு வேண்டும் என்றேன். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள். "நான் செஞ்சு குடுத்துடறேனே ஐயா, அரை மணி நேர வேலை," என்றாள். முடியாது என்றேன். சொன்னது சொன்னதுதானே.

அந்தப் படம் வெட்டுகிற சாஃப்ட்வேர் இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவனை ஒரு தடவை என் பஸ்ஸில் ஏற்றிக் கொடைக்கானல் கூட்டிப் போக வேண்டும். கடைசி சீட்டில்.

முதலில் கட்டம். ஒரு மூலையில் அழுத்தி இழுத்தால் கட்டம் விழும், கட்டத்துக்குள் இருப்பது மட்டும் உனக்கு. இழுத்தேன். வெட்டினேன். என்னோடு சுவரும் சேர்ந்து சதுரமாக வந்தது.

"ரேஷன் கார்டு மாதிரி இருக்கு," என்றேன்.

"மனுஷன் சதுரமா இருக்க மாட்டானே ஐயா. அதுக்குத்தான் அடுத்த டூல்."

அடுத்தது லாஸோ. கயிறு. மவுஸை அழுத்திக்கொண்டே நம்மைச் சுற்றி ஓரமாக ஒரு சுற்று வர வேண்டும். "நடுவில விட்டுறாதீங்க ஐயா, விட்டா அங்கேயே முடிச்சுப் போட்டுரும்," என்றாள். நான் பஸ் நிறைய ஆளை வைத்துக்கொண்டு, மழையில், எதிரே லாரி வர, கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தவன். கை நடுங்கியது கிடையாது. என் காதைச் சுற்றி அந்த மவுஸை ஒடிக்க முடியவில்லை தம்பி. காதைத் தாண்டும்போது கை நழுவும். முடிச்சு விழும். பாதித் தலை கையில் வரும். மறுபடி முதலிலிருந்து. மறுபடி நழுவும். பக்கத்தில் ப்யூட்டி பார்லர் அம்மா ஒருத்தி கற்றுக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண்ணைத் தாமரைப் பூவுக்குள் உட்கார வைத்துவிட்டு, "என்னண்ணே, இன்னும் காதுலயே நிக்கிறீங்க?" என்றாள்.

நசீமா டீச்சர் வந்து பார்த்தாள். "ஐயா, நீங்க எக்ஸ்பிரஸ் ஓட்டறீங்க. இதுல டவுன் பஸ் மாதிரி போகணும்." அது வேறு ஒரு லாஸோ. ஒரு இடத்தில் தட்ட வேண்டும், நிற்க வேண்டும், அடுத்த இடத்தில் தட்ட வேண்டும். ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காக. "வளைவு வந்தா ஸ்டாப்பிங் கிட்டக் கிட்ட வைங்க. நேர் ரோட்டுல தூரத் தூர வைங்க." அது புரிந்தது. அன்றைக்குக் காது கைக்கு வந்தது. தோள் வந்தது. கும்பிட்ட கைக்கு நடுவில் இருக்கிற சந்துதான் வரவில்லை. அதை விட்டுவிடலாம் என்றாள். விட மாட்டேன் என்றேன்.

தப்பு செய்தால் பின்னால் போகிற பட்டனும் இருக்கிறதாம். அதை அன்றைக்குத்தான் சொன்னாள். ரிவர்ஸ் இருப்பதை வண்டியில் ஏற்றும்போதே சொல்ல வேண்டாமா? அழுத்தினேன். போனது. இன்னும் அழுத்தினேன். காது, தோள், காலையிலிருந்து செய்தது அத்தனையும் போனது.

பிறகு ஒரு மந்திரக்கோல். ஒரு இடத்தில் தட்டினால் அதே நிறம் எங்கெங்கே இருக்கிறதோ அத்தனையையும் தானே பிடிக்கும். சுவரில் தட்டினேன். சுவரைப் பிடித்தது. சட்டையையும் பிடித்தது. டெலீட் அமுக்கினேன்.

தலை. இரண்டு கை. நடுவில் ஒன்றும் இல்லை.

"இதேதான்!" என்று எழுந்துவிட்டேன். "இப்படித்தான் பண்ணியிருக்கான்!"

"யாரும் பண்ணலை ஐயா," என்றாள் நசீமா டீச்சர். "மெஷினுக்கு நீங்க யாரு, சுவர் எதுன்னு தெரியாது. நிறம்தான் தெரியும். இந்தப் போட்டோவை யார் தொட்டிருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும். எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுத்துக்கணும்னு இங்க ஒரு நம்பர் இருக்கு பாருங்க, டாலரன்ஸ். அதைக் குறைச்சு வைங்க."

"எனக்கா சொல்றே?"

"மெஷினுக்கு ஐயா." என் சட்டையைப் பார்த்தாள். "வேற சட்டையில ஒரு போட்டோ எடுத்துட்டு வந்தீங்கன்னா..."

"அடுத்த பாடம்," என்றேன்.

அடுத்த பாடம் லேயர். அதுதான் நன்றாகப் பிடிபட்டது. பஸ் கண்ணாடியை நினைத்துக்கொள். உள்பக்கம் சாமி படம் ஒட்டியிருக்கும். அதன்மேல் ஒரு மாலை தொங்கும். அதற்கு மேலே ஊர்ப்பேர் போர்டு. ஒன்றை எடுத்தால் இன்னொன்றுக்கு ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். ஒவ்வொரு ஆளும் ஒரு தனிக் கண்ணாடி. ஓரத்தில் பட்டியல் மாதிரி வரிசையாக நிற்கும். பட்டியலில் மேலே இருப்பவன் படத்தில் முன்னால் நிற்பான். கீழே இருப்பவன் பின்னால். பிடித்து இழுத்து மேலே வைக்கலாம், கீழே வைக்கலாம். நம் ஊரில் பந்தியில் யார் முன்னால் உட்காருவது என்பதற்கு எத்தனை சண்டை. இங்கே ஒரு இழுப்பு.

அதிலே ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு கண் படம். கண்ணைத் தட்டினால் ஆள் மறைந்துவிடுவார். அழிவதில்லை. மறைவார். மறுபடி தட்டினால் வருவார். பவுன்தாய் கெஞ்சினாள் என்று பெண்ணைப் பெற்றவர் போட்டோவையும் ஓரமாகப் போட்டிருந்தேன். கண்ணைத் தட்டினேன். அந்த ஆளைக் காணோம். தட்டினேன். வந்தார். தட்டினேன். காணோம். அன்றைக்கு முழுக்க வகுப்பில் அதுதான் செய்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்தது.

இப்படியே கல்யாணம் நெருங்கிவிட்டது. பேனரில் நடுவில் நான். எனக்கு வலது பக்கம் ரஞ்சிதா, அவளுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை. மேலே 'தாய்மாமன் குடும்பத்தார் வரவேற்கிறோம்'. எல்லாம் சரி, என் சட்டை ஓரம்தான் சரியில்லை. அங்கங்கே கடித்த மாதிரி இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஓரத்தைச் சரி செய்யச் சொன்னாள் டீச்சர். பெரிதாக்கினேன். காலர் மட்டும் திரை முழுக்க நின்றது. ஒவ்வொரு ஸ்டாப்பிங்காகப் போனேன். காலர். தோள் தையல். பொத்தான். பாக்கெட். அந்த வாரம் முழுக்க நான் முகத்தையே பார்க்கவில்லை, சட்டைதான்.

"ஐயா, பெருசாக்கிப் பார்த்து வேலை செய்யுங்க. ஆனா முடிக்கிறதுக்கு முன்னாடி முழுப் படத்தையும் சின்னதாக்கி ஒரு தடவை பாருங்க," என்றாள். முதல் பாதியைக் கேட்டேன். இரண்டாவது பாதி சொல்லும்போது முழங்கையில் இருந்தேன்.

முழங்கை ஒரு இடத்தில் மறைந்திருந்தது. என்னவென்று பார்த்தால் ரஞ்சிதாவின் மாலை. அவள் லேயர் எனக்கு மேலே இருக்கிறது. முழங்கை இல்லாமல் நான் எப்படி நிற்பது? என்னைப் பிடித்து இழுத்துப் பட்டியலில் உச்சியில் வைத்தேன். முழங்கை வந்துவிட்டது. கூடவே கொஞ்சம் என்னைப் பெரிதாக்கினேன். கொஞ்சம்தான். தாய்மாமன் பேனர் இல்லையா? பிறகு எல்லா லேயரையும் ஒன்றாகச் சேர்த்து, சேவ் பண்ணி, பென்டிரைவில் போட்டேன். "லேயரோட தனியா ஒண்ணு வச்சுக்கங்க ஐயா," என்று டீச்சர் முன்னமே சொல்லியிருந்தாள். ஒரு வண்டிக்கு எத்தனை சாவி வேண்டும்? ஒன்றுதான் வைத்தேன்.

லாரன்ஸ் அடித்துச் சுருட்டிக் கொடுத்தான். ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் கேட்டதற்கு, "தாய்மாமன் பேனர்ல தாய்மாமன் பெருசா இருக்காரு, சரிதானன்னு நினைச்சேன்," என்றான். அவனைச் சொல்லி என்ன.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம். மண்டபத்து வாசல். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பந்தல்காரர்கள் பேனரை மேலே கட்டிச் சுருளை அவிழ்த்துவிட்டார்கள். எழுத்து இறங்கியது. என் தலை இறங்கியது. காலர். தோள். பொத்தான். பாக்கெட். முழுச் சட்டை, ஒரு கடி இல்லாமல், சலவை செய்த மாதிரி. பார் தம்பி, அப்படி ஒரு வேலை. கும்பிட்ட கைக்கு நடுவில் இருக்கிற சந்துகூடத் தெரிந்தது. அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்தார். மேலே பார்த்தார்.

"என்ன டிரைவரண்ணே, பெரியகுளத்து மாப்பிள்ளைக்கு நீங்கதான் பொண்ணா?"

அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். நான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை, கோட்டு சூட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் யாரும் இல்லை. என் தோளுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் மல்லிகைப்பூ எட்டிப் பார்க்கிறது. பெண்ணைப் பெற்றவரும் இல்லை. அவர் கண்ணை மூடியிருந்தேன், மூடியபடியே சேர்த்துவிட்டேன்.

ரஞ்சிதா வெளியே வந்தாள். இரண்டு கையிலும் மருதாணி, காயாமல் தூக்கிப் பிடித்தபடி. மேலே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாமா, நான் எங்க மாமா?"

"அடியில இருக்கே," என்றேன். "லேயர்." எக்கி என் சட்டையைத் தொட்டுக் காட்டினேன். "இதுக்கு அடியில."

கம்ப்யூட்டரில் அடியில் ஆள் இருப்பார்கள். பேனருக்கு அடியில் மண்டபத்துச் சுவர்தான் இருக்கும். அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்குப் பதில் அவள் அழுதிருக்கலாம்.

நசீமா டீச்சருக்குப் போன் போட்டேன். "லேயர் வச்சிருக்கீங்களா ஐயா?" என்றாள். சேர்த்துவிட்டேன் என்றேன். "அப்ப இனிமே பிரிக்க முடியாதே ஐயா," என்றாள். லாரன்ஸுக்குப் போட்டேன். மெஷினில் ஏதோ மாநாட்டு பேனர் ஓடுகிறது, நாளைக் காலையில்தான் என்றான். இன்னும் கொஞ்ச நேரத்தில் பெரியகுளத்து வேன் வந்து நிற்கும். பொண்ணு எங்கே என்று பேனரைப் பார்த்துக் கேட்பார்கள். பந்தல்காரனிடம், "அவுருடா," என்றேன். சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது என்று முடிவு. கல்யாணத்துக்கும் வருவதில்லை. எந்த முகத்தோடு வந்து அவள் கையைப் பிடிப்பது?

பவுன்தாய் கேட்டில் குறுக்கே நின்றாள். "தாண்டிப் போயிருவீங்களா, போங்க பாப்போம்."

அப்போது அந்த ஆள் வந்தார். தோளில் ஒரு பேனர் சுருள். ஒரு கையில் தையல்காரர் கத்தரி. இன்னொரு கையில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் டியூப். மண்டிச் சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. சுருளைத் தரையில் விரித்தார்.

என் தலை. இரண்டு கை. புறா. ரோஜாப்பூ. அதே நிச்சயதார்த்த பேனர். அதைக் கழற்றி வாழைத்தாருக்குப் போர்த்தியிருப்பார் என்று நினைத்திருந்தேன். மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறார்.

அந்த பேனரில் ரஞ்சிதா நன்றாகப் பெரிதாக இருந்தாள். அவர் உட்கார்ந்து அவளைச் சுற்றிக் கத்தரியை வைத்தார். கழுத்துப் பக்கம் நேராக உள்ளே போகிறார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அங்க நேராப் போகாதீங்க," என்றேன். "வளைவு. கிட்டக் கிட்ட வெட்டுங்க."

நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் இழுத்துப் பிடிங்க மச்சான், துணி நழுவுது."

பிடித்தேன். அவர் வெட்டினார். "ஓரத்தை ஒட்டி வெட்டாதீங்க, ஒரு நூல் விடுங்க." விட்டார். "பூவை விட்டுறாதீங்க." விடவில்லை. "காதுக்கிட்ட பார்த்து." பார்த்தார். என்னைவிட நன்றாக வெட்டினார் என்று சொல்ல மாட்டேன். என்னைவிடப் பொறுமையாக வெட்டினார்.

"இதை எதுக்கு வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"பிள்ளை செஞ்சது மச்சான். போன்ல, தானாவே. முதல்முதலா செஞ்சது. தூக்கிப் போட மனசு வரலை."

ரஞ்சிதா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். மருதாணிக் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் முழங்கையால் துடைத்தாள். "தொட்டதும் தானா வெட்டிருச்சு மாமா. உங்க சட்டையையும் சேர்த்து. சின்ன ஸ்கிரீன்ல கவனிக்கலை. அன்னிக்கே சொல்ல வந்தேன். அப்பாதான் வேண்டாம்னாரு."

"ஏன்யா?" என்று அவரைக் கேட்டேன். "மண்டியில அத்தனை பேர் முன்னாடி கத்தினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா பிள்ளையைத் திட்டுவீங்க," என்றார் கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்னைத் திட்டினா எனக்குப் பழக்கம்தான."

நான் ரஞ்சிதாவைப் பார்த்தேன். ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? "டாலரன்ஸைக் குறைச்சு வச்சிருக்கணும்," என்றேன். "வெள்ளைன்னா மெஷினுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"சரிங்க மாமா."

வெட்டி முடித்தோம். பந்தல்காரர்கள் என் பேனரை இறக்கிக் கீழே போட்டார்கள். வெட்டிய படத்தின் பின்பக்கம் அவர் சொல்யூஷன் தடவிக் காயவிட்டு, ரஞ்சிதாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். "எங்க ஒட்டட்டும் மச்சான்? உங்களுக்கு இந்தப் பக்கம் ஓரமா ஒட்டினா உங்க சட்டை முழுசாத் தெரியும். ஆனா மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவில நீங்க நிப்பீங்க. அங்கிட்டு ஒட்டினா..."

அவர் முடிக்கவில்லை. எனக்குத் தெரியும். மாப்பிள்ளை பக்கத்தில் ஒட்டினால் அவள் என் மேல்தான் வருவாள். காலர், பொத்தான், பாக்கெட், கும்பிட்ட கை, சந்து. ஒரு மாத வேலை தம்பி. ஒரு மாதம்.

"மாப்பிள்ளை பக்கத்திலேயே ஒட்டுங்க," என்றேன்.

ஒட்டினார். உள்ளங்கையால் நீவினார். பாக்கெட் இருந்த இடத்தில் அவள் கை வந்து நின்றது. மறுபடியும் எனக்கு உடம்பு இல்லை. அவள் தலைக்கு மேலே என் தலை மட்டும்.

மிச்ச பேனரில் அவர் படம் ஒன்று இருந்தது. "அதையும் ஒட்டுங்க," என்றேன். "வேண்டாம் மச்சான், இடமில்லை," என்றார். கத்தரியைப் பிடுங்கி நானே வெட்டினேன். அவசரம், வேன் வருகிற நேரம். கை நழுவி ஒரு காது போய்விட்டது. கம்ப்யூட்டரில்தான் வரவில்லை என்று பார்த்தால் கத்தரியிலும் அதே காது.

அவர் எடுத்துப் பார்த்தார். "பரவாயில்லை மச்சான். நீங்க பேசறதைக் கேக்க ஒரு காது போதும்."

பவுன்தாய் சிரித்த சிரிப்பு மண்டபத்துக்குள்ளே கேட்டது.

பேனரை மறுபடி ஏற்றிக் கட்டினார்கள். மறுநாள் ரஞ்சிதாவைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்தேன். இதையெல்லாம் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

இதோ, ஃபேன் சுற்றுகிறது. கரண்ட் வந்துவிட்டது. லாரன்ஸும் வருகிறான் பார், வாயைத் துடைத்துக்கொண்டு. நான் ரஞ்சிதாவின் வளைகாப்பு பேனருக்கு வந்தேன். பென்டிரைவ் இதுதான். லேயரோடு ஒன்று, சேர்த்தது ஒன்று. யார் கண்ணும் மூடியில்லை. நானே செய்தது, மூன்று தடவை சின்னதாக்கிப் பார்த்துவிட்டேன். சட்டையா? வெள்ளைதான். சொன்னது சொன்னதுதானே. வீட்டுச் சுவருக்குப் பச்சை அடித்துவிட்டேன்.

நீ போய் உன் மாமனாரை வேறு சுவர்ப் பக்கம் நிற்க வைத்து எடுத்துக்கொண்டு வா. சட்டையை மாற்றச் சொல்லாதே. கேட்க மாட்டார்.

என்ன? ஆமாம், வேன் வந்தது. வந்ததும் சம்பந்தி பேனருக்கு முன்னால் நின்றுவிட்டார். "அட, பொண்ணு மட்டும் அப்படியே எழும்பி வெளிய வந்து நிக்கிற மாதிரி இருக்கே! எந்தக் கடையில செஞ்சீங்க?" என்று என்னைக் கேட்டார். சுற்றி எல்லோரும் இருந்தார்கள், என் பழைய கண்டக்டர்கூட இருந்தான். கடை இல்லைங்க, எங்க மாப்பிள்ளை செஞ்சது என்றேன். எந்த மாப்பிள்ளை என்றார். பந்திக்கு இலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தவரைக் கையைக் காட்டி, மண்டியில் ஏலம் கூறுவது மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

சீனிராசு.